டூப்புக்குச் சிரிப்பு ஷாட் கிடையாது

ஒப்பாரி வைக்க ஆள் வேண்டும் என்று சினிமாக் கம்பெனிக்காரர்கள் கேட்டபோது அரிகிருஷ்ணன் முதலில் நம்பவில்லை. செஞ்சியைச் சுற்றியுள்ள மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் காடுகளுக்குக் களையெடுக்க ஆள் சேர்த்துக் கொடுப்பவன் அவன். நாற்று நட ஆள் கேட்பார்கள், கதிர் அறுக்கக் கேட்பார்கள். சாகாதவனுக்கு அழ ஆள் கேட்டது அதுதான் முதல் தடவை. கூலி எவ்வளவு என்று தெரிந்ததும் அவனுடைய சந்தேகமெல்லாம் தீர்ந்துபோயிற்று. பெண்களுக்குத்தான் தீரவில்லை.

"உசுரோட இருக்கிறவனுக்கு ஒப்பாரி வெச்சா அது சும்மா போவுமா? ஆரையாவது புடிக்கும்" என்றார்கள்.

வழி சொன்னவள் சின்னப்பொண்ணு. அந்தப் பக்கத்தில் எந்த எழவு வீடானாலும் முதல் குரல் அவளுடையதுதான். "எழவு வூட்ல செத்தவனுக்கா அழுவுறோம்? அவங்கவங்க வூட்டு எழவ நெனச்சித்தான அழுவுறோம்? அந்த நடிகன நெனைக்காதீங்கடி. உங்க உங்க ஆளுங்கள நெனச்சி அழுங்க, போதும்" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. பத்துப் பன்னிரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள்.

அதில் மீனம்பாளுக்கு ஒரு சங்கடம். நினைத்து அழுவதற்கு அவளுக்குச் செத்தவர்கள் யாரும் இல்லை. அவளுடைய நைனாவும் அம்மாவும் பக்கத்து ஊரான வல்லத்தில் குத்துக்கல்லாட்டம் இருந்தார்கள். இல்லாமல் போனது என்று சொன்னால் புருஷன் ஒருவன்தான். அவனும் செத்துப் போகவில்லை, கோடம்பாக்கத்துக்குப் போயிருந்தான். சினிமாவில் சண்டை போடுகிற கோஷ்டியில் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. பொங்கலுக்கு வருவான், கரும்பு கடிப்பான், போய்விடுவான்.

படம் ஒரு துப்பறியும் படம். கள்ள நோட்டு அடிக்கிற கும்பல் கோட்டைக்குள் பதுங்கியிருக்கிறது, தொப்பியும் கோட்டும் போட்ட கதாநாயகன் அவர்களைப் பிடிக்க வருகிறான், அகப்பட்டுக்கொள்கிறான், செத்தவன்போல் பாடையில் படுத்துத் தப்பிக்கிறான். மறுநாள் மலை உச்சியில் துரத்தல், ஒரு பெரிய தாவல், அத்தோடு கும்பல் பிடிபடும். பாடைக் காட்சியைச் செட்டிக்குளத்துக் கரையில் வைத்திருந்தார்கள். அந்தக் கரையில் அந்தக் காலத்தில் ராஜாவையே எரித்தார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

பறை முழங்கியது. தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துணி போர்த்திய உருவத்தைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்தார்கள். சின்னப்பொண்ணு செத்துப்போன தன் அண்ணனை எடுத்துக்கொண்டாள். இன்னொருத்தி பிரசவத்தில் போன தங்கையை எடுத்துக்கொண்டாள். மீனம்பாளுக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து டைரக்டர் அவளையே பார்த்துக் கையை ஆட்டினார். வேறு வழியில்லாமல் அவள் புருஷனை நினைத்தாள். உயிரோடு இருக்கிற ஆளை நினைக்கிறோமே என்று நாக்கு ஒரு நொடி கூசத்தான் செய்தது. பறை விடவில்லை. மாரில் கை விழுந்தது, ராகம் தானாக வந்தது.

"திண்டிவனம் ரயிலேறித் திரும்பாமப் போனீரே,
கட்டி வெச்ச பூச்சரமும் கருகிடுச்சே எம் ராசா..."

அப்புறம் நிறுத்த முடியவில்லை. தனியாகக் கிடந்த ராத்திரிகள், ஒழுகுகிற கூரை, பிள்ளையில்லாத மடி எல்லாம் பாட்டாகக் கொட்டின. மற்ற பெண்கள் தங்கள் அழுகையை விட்டுவிட்டு அவளுக்குப் பின்பாட்டுப் பாடினார்கள். டைரக்டருக்கு வாயெல்லாம் பல். "கட்" என்று கத்திவிட்டுக் கைதட்டினார்.

உதவியாள் ஒருவன் போய்த் துணியை விலக்கினான். பாடையிலிருந்து எழுந்து உட்கார்ந்தது கதாநாயகன் இல்லை. கதாநாயகனின் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்த இளையபெருமாள். மீனம்பாளின் புருஷன்.

நடந்தது இதுதான். பாடையில் படுக்கக் கூடாது என்று கதாநாயகனுக்கு ஜோசியர் சொல்லியிருந்தார். திரையில் பத்துப் பேரை ஒற்றைக் கையால் சாய்க்கிற மனிதர், நாலு மூங்கிலைக் கண்டு காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் தாவலில் கதாநாயகனுக்கு டூப்பாக வரவேண்டிய இளையபெருமாள் அன்று மத்தியானமே கம்பெனி வேனில் வந்து இறங்கினான். முகம்தான் தெரியப்போவதில்லையே, நீ படு என்று கையோடு அவனைப் படுக்கவைத்துவிட்டார்கள். வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் வந்திருக்கிறேன் என்று சொல்லக்கூட நேரமில்லை.

மீனம்பாள் எழுந்திருக்கவில்லை. மாரில் அடித்த கை அப்படியே நின்றது. அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியில் ஒட்டியிருந்த ஒற்றை ரூபாய்க் காசு வேர்வையில் வழுக்கி மடியில் விழுந்தது.

"நீதான் பாடுனியா?" என்றான். "உன் கொரலுன்னு தெரிஞ்சிச்சி. பொணம் அசையக் கூடாதேன்னு படுத்துனு இருந்தேன்."

உயிரோடு இருக்கிற புருஷனுக்கு, அவன் காது கேட்க, பறை முழங்க, பாடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழு ஒப்பாரியும் வைத்தாகிவிட்டது. இதற்கு என்ன பரிகாரம் என்று சின்னப்பொண்ணைப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் வழி சொல்கிற சின்னப்பொண்ணு தலையைக் குனிந்துகொண்டு காலடி மண்ணைப் பார்த்தாள்.

பரிகாரம் சினிமாக்காரர்களிடமே இருந்தது. சாவுக் காட்சியில் படுத்தவரை உடனே எழுப்பி, கேமராவைப் பார்த்து நன்றாகச் சிரிக்கவைத்துக் கொஞ்சம் பிலிமில் எடுத்துவிடுவார்கள். படத்தில் அது வராது, வெட்டி எறிந்துவிடுவார்கள். ஆனால் எடுத்துவிட வேண்டும். செத்தவன் சிரித்துவிட்டால் சாவு ஒட்டாது என்று ஒரு நம்பிக்கை. அதற்குச் சிரிப்பு ஷாட் என்று பெயர்.

ஆனால் கூத்தைப் பாருங்கள். சிரிப்பு ஷாட் என்ற சொல் காதில் விழுந்ததும் கார்க் கதவு திறந்தது. கதாநாயகன் வேகமாக வந்து கேமராவுக்கு முன்னால் நின்றுகொண்டார். "செத்தது என் கேரக்டர்தானே? என் சிரிப்பை எடுங்க" என்றார். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சும்மாவா சொன்னார்கள்? அவர் இந்தப் பக்கம் சிரித்தார், அந்தப் பக்கம் சிரித்தார், தொப்பியைக் கழற்றிவிட்டும் சிரித்தார். வெயில் ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

"படுத்தவன் சிரிப்பு?" என்று கேட்டார் முருகையன். சண்டைக் கோஷ்டியின் மாஸ்டர். காது ஒன்று பாதி பிய்ந்திருக்கும்.

கேமராமேன் குணபாலன் அதற்குள் பெட்டியை மூட ஆரம்பித்திருந்தார். மேல்சித்தாமூர்ப் பக்கத்து நைனார் வீட்டுப் பிள்ளை, படித்தவர். ஜைனர் என்பதால் விளக்கு வைப்பதற்கு முன்னால் சாப்பிட்டு முடித்துவிடுவார். அவர் கைக்குட்டையில் கை துடைத்தால் பேக்கப் என்று அர்த்தம் என்று யூனிட்டில் கேலி பேசுவார்கள். "லைட் போயிடுச்சு மாஸ்டர். அவன் மூஞ்சியே படத்துல இல்லையே, அப்புறம் எப்படிச் செத்ததா ஆகும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கோஷ்டி ஆட்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். மீனம்பாள் முருகையனிடம் போய், "எடுக்காம உட்டா இன்னா ஆவும் ஐயா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆவாதும்மா" என்றார் அவர். பிய்ந்த காதைத் தடவிக்கொண்டே சொன்னார். அந்தப் பதிலில்தான் அவளுக்கு உயிரே போயிற்று.

மறுநாள் மலைமேல் தண்ணீர் சுமக்க ஆள் கேட்டார்கள். அரிகிருஷ்ணன் ஆள் எண்ணுவதற்கு முன்பே மீனம்பாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ராஜகிரி ஏறியவர்களுக்குத் தெரியும். படிகள் ஏற ஏற மூச்சு வாங்கும். குரங்குகள் கூடவே வரும். உச்சிக் கோட்டைக்குப் போகிற இடத்தில் மலை சட்டென்று இரண்டாகப் பிளந்து நிற்கும். அந்தப் பிளவுக்கு மேலே ஒரு மரப்பாலம் உண்டு. பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தால் அடியில் வெயில்கூடத் தெரியாது. பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, பிளவு குறுகலாகிற ஓரிடத்தில்தான் இளையபெருமாள் தாவ வேண்டும். பாலத்தைப் படத்தில் காட்டமாட்டார்களாம். நடுவில் ஒரு வலையைக் கட்டியிருந்தார்கள். அதைக் கட்டின முருகையனே அதை நம்பவில்லை போலும், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மீனம்பாள் முதலில் குணபாலனிடம் போனாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "நைனார் ஐயா, என் வூட்டுக்காரரு சிரிக்கிற மாதிரி ஒரே ஒரு படம் எடுத்துடுங்க. தாவுறதுக்கு முன்னால எடுத்துடுங்க" என்றாள்.

அவர் கோபப்படவில்லை. "சீனாக்காரன் சண்டைக்கு அப்புறம் பிலிமும் ரேஷன் அரிசி மாதிரி ஆயிடுச்சும்மா. அளந்துதான் குடுக்குறாங்க. நேத்து ஹீரோ சிரிச்ச சிரிப்புக்கே எனக்குப் பத்தாக்குறை. அதுவும் இல்லாம, நான் இதையெல்லாம் நம்புறதில்ல. கேமராவுக்கு உசுரை எடுக்கவும் தெரியாது, குடுக்கவும் தெரியாது."

"நம்பலைன்னா எடுக்கிறதுல இன்னா நட்டம் ஐயா? நம்புறவ நான் இருக்கிறனே" என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வெயில் சரியாக இருக்கிறது என்று டைரக்டர் கத்தினார். குணபாலன் கேமராவுக்குப் பின்னால் போய்விட்டார்.

இளையபெருமாள் பாறை நிழலில் தொப்பியும் கோட்டுமாக உட்கார்ந்திருந்தான். வாங்கிய தண்ணீரில் பாதி கோட்டிலேயே சிந்தியது.

"வாணாம்யா, வந்துடு. வல்லத்துக்குப் போயி களையெடுத்தாவது பொழைச்சிக்கலாம்" என்றாள்.

"இதைவிட அகலமா எவ்ளோ தாண்டியிருக்கேன் தெரியுமா? மாடி விட்டு மாடி தாண்டியிருக்கேன். இது எனக்குப் பெருசில்ல மீனா." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "ராத்திரி முச்சூடும் தூக்கமில்ல. கண்ண மூடுனா நீ பாடுறது கேக்குது. காலுதான் எம் பேச்சக் கேக்க மாட்டேங்குது. நான் தாண்டலைன்னா கோஷ்டியில அப்புறம் ஒருத்தன் கூப்புட மாட்டான். இதை வுட்டா எனக்கு வேற இன்னா தெரியும்?"

முருகையன் வந்து அவன் தோளில் கை வைத்தார். "முழு மனசா தாண்டுனா அந்தாண்ட போயிடுவ. அரை மனசா தாண்டுனா நடுவுலதான் இருப்ப. புரியுதா?" என்றார். நன்றாகவே புரிந்தது, இரண்டு பேருக்கும்.

மீனம்பாள் பாலத்தைத் தாண்டி எதிர்ப்புறம் போனாள். கேமரா அந்தப் பக்கம்தான் பக்கவாட்டில் இருந்தது. முகத்தைக் கேமராவுக்குக் காட்டாதே, தொப்பியை இறக்கிக்கொள், குனிந்தே ஓடிவா என்று டைரக்டர் இங்கிருந்து கூவினார். அங்கே அவன் தலையை ஆட்டினான்.

"ஆக்‌ஷன்!"

அவன் ஓடிவந்தான். விளிம்பில் வந்து நின்றுவிட்டான். அவன் காலடியில் உருண்ட கற்கள் பிளவுக்குள் விழுந்தன. விழுந்த சத்தம் வருவதற்குள் மீனம்பாள் செத்துப் பிழைத்தாள்.

பிலிம் வீணாகிறது என்று டைரக்டர் திட்டினார். மறுபடியும் ஓடிவந்தான், மறுபடியும் நின்றான். இந்தத் தடவை ஒரு கால் சறுக்கி, பாறையைப் பிடித்துக்கொண்டு தப்பினான். தூரத்தில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த கதாநாயகன், "பயந்தாங்கொள்ளிப் பயலை எல்லாம் எங்கே பிடிக்கிறீங்க?" என்று கேட்டார். அந்த வாய்க்கு என்ன செய்யலாம் என்று நினைக்கக்கூட மீனம்பாளுக்கு அப்போது தெம்பில்லை.

மூன்றாம் தடவைக்கு அவன் பின்னால் போய் நின்றான். தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. எதையோ காது கொடுத்துக் கேட்கிறவனைப் போல நின்றான். என்ன கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியும். இப்போது அவன் நிற்கமாட்டான், பாதி மனதோடு தாவிவிடுவான் என்றும் தெரிந்தது. ஐயோ, நானே கொன்றேனே என்று நினைத்தாள்.

ஒப்பாரியில் செத்தவனை யாரும் ஏசமாட்டார்கள். குடிகாரனாக இருந்தாலும் பாடையில் ஏறிவிட்டால் ராசாதான், தங்கம்தான், குத்துவிளக்குதான். இது அவள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த வழக்கம். ஏச்சு வாங்க உயிரோடு இருக்க வேண்டும். அது மனதில் பட்டதோ இல்லையோ, வாய் திறந்துகொண்டது. புருஷன் பேரை அன்றுவரை நாக்கில் வைத்தறியாதவள் மலை அதிரக் கூப்பிட்டாள்.

"யோவ், இளையபெருமாளு!"

மொத்த யூனிட்டும் திரும்பியது.

"இன்னாயா ஆணி அடிச்ச மாதிரி நிக்கிற? உன்னையா நான் ராசான்னு பாடுனேன்? எந்தூர் ராசாயா நீ? கோழிக் கூண்டுக்குக்கூட நீ ராசா இல்ல! கூர ஒழுவுதுன்னு கடுதாசி மேல கடுதாசி போட்டேனே, ஒரு ஓல வாங்கிப் போட்டியா? நாலு சட்டியில மழத்தண்ணி பிடிச்சினு ஒக்காந்திருந்தேன்யா நானு! பொங்கலுக்கு வந்தா எம் பங்கு கரும்பையும் சேத்துக் கடிச்சிட்டுப் போறவனே! நீ வுடுற கொறட்டைக்குப் பக்கத்து வூட்டுக் கோழி அடைய வுட்டு எந்திரிச்சி ஓடுது, அந்தக் கிழவி இன்னும் என்னாண்ட சண்டைக்கு வரா! ஊருக்கெல்லாம் எகிறிக் குதிச்சிக் காட்டுற, எங்கப்பன் வூட்டுக் கெணத்துல தொபுகட்டீர்னு வுழுந்து, கயிறு கட்டித் தூக்குனாங்களே, அத இவங்களுக்குச் சொல்லட்டா? சொல்லட்டாயா?"

கோஷ்டிக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். டைரக்டர் வாய் பிளந்து நின்றார். அந்தப் பக்கம் இளையபெருமாளின் தலை நேராக நிமிர்ந்தது.

"வாய்யா இப்புடி! இங்க வந்து பதில் சொல்லு!"

அவன் ஓடிவந்தான். இந்தத் தடவை கால்கள் தயங்கவில்லை. கோட்டு விரிய, தொப்பி பறக்க, பிளவுக்கு மேலே எழும்பினான். அந்த ஒரு கணத்தில் மீனம்பாள் கண்ணை மூடவில்லை. மூடினால் விழுந்துவிடுவான் என்று பயந்தாள். வலை ஆடாமல் கீழே கிடந்தது. அவன் இந்தப் பக்கத்துப் பாறையில் இரண்டு காலும் ஊன்றி விழுந்து, உருண்டு, எழுந்தான்.

எல்லோரும் கைதட்டினார்கள். குணபாலன் மட்டும் கேமராவிலிருந்து மெல்லத் தலையை எடுத்தார்.

"மூஞ்சி தெரிஞ்சிடுச்சு சார்" என்றார் டைரக்டரிடம். "நேரா நம்ம பக்கம் திரும்பிட்டான். வாயெல்லாம் பல்லாத் தெரியுது. சிரிச்சிக்கிட்டே தாண்டுறான்."

"ஒன் மோர்" என்றார் டைரக்டர்.

குணபாலன் மீனம்பாளிடம் வந்தார். "நீ கேட்டது பிலிம்ல விழுந்துடுச்சும்மா" என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஆனா அவன் இன்னொரு வாட்டி தாண்டணும்."

சந்தோஷப்படுவதா, நெஞ்சில் அடித்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. சாவு கழிந்துவிட்டதென்றால் அதே பிளவு ஏன் இன்னும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது? கழியவில்லையென்றால் அவன் எப்படி வந்து சேர்ந்தான்? தண்டனை முடிந்து வெளியே வந்தவனைக் கதவிலேயே மறுபடி பிடித்த மாதிரி இருந்தது. இளையபெருமாள் பாலத்துக்குப் போகிற வழியில் அவள் பக்கத்தில் நின்றான். முட்டி சிராய்த்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"இன்னும் திட்டு பாக்கி இருக்குதா?" என்றான்.

"உன் ஆயுசுக்கும் இருக்குது, போ" என்றாள். அவன் பாலத்தில் ஏறிப் போனான்.

இரண்டாம் தாவலுக்கு அவளால் பேச முடியவில்லை. திட்ட வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. சத்தம் இல்லாமலேயே அவன் ஓடிவந்தான். சொன்னபடி தொப்பியை இறக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு தாவினான். அவன் சிரித்தானா, பயந்தானா என்று அவளுக்குத் தெரியவே இல்லை. வந்து விழுந்தான். எழுந்தான்.

"ஓகே" என்றார் டைரக்டர்.

மீனம்பாள் பாறைமேல் உட்கார்ந்தாள். அதுவரை அடக்கியிருந்த அழுகை அடிவயிற்றிலிருந்து பொங்கி வந்தது. அவன் பிழைத்துவிட்டான் என்ற அழுகைதான். ஆனால் தொண்டைக்கு வந்ததும் அது இழுவையாக, ஏற்ற இறக்கமாக, நேற்றைய ராகத்திலேயே வரப் பார்த்தது. அவளுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. அவன் நொண்டிக்கொண்டே அவளை நோக்கி வந்துகொண்டிருந்தான். அவன் காதில் விழுந்துவிடக் கூடாது என்று முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் அழுதாள்.